சிவப்பில்லாத பூ

வாளித் தண்ணீரில் அழுகும் பூத்தண்டின் வாடை செத்தவீடுகளை நினைவூட்டுகிறது. டோர்வல் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், குடை வாங்க லாசாலில் ஒரு டெப்பனருக்குள், பூவிலிருந்து பால்வரை விற்கிற மூலைக்கடைக்குள், ஒதுங்கியிருக்கிறேன். வெளியே மழையும் பனியும் கலந்து விழுகின்றன. கண்ணில் புரை விழுந்த முதியவர் ஒருவர் என் கையைப் பிடிக்கிறார்.

"தம்பி தமிழோ? சிவப்பில்லாத பூவா எடுத்துத் தாரும். அக்கா செத்துப்போனா."

"சிவப்பு மட்டும்தான் கிடக்கு ஐயா. ஏன், ஆகாதோ?"

சொல்கிறார். வெள்ளைக்காரன் காலம், மன்னார்ப் பக்கம் ஓர் இடைத்தேர்தல். வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் அவருக்கு வாக்குப்பெட்டி. வீடே பச்சைக்கு நிற்க, அக்கா மட்டும் புருஷன் பக்கம் சேர்ந்து, சிவப்புச் சேலை கட்டிப் போய்ச் சிவப்பில் போட்டாள். அன்றைக்கு அறுந்த பேச்சு. பிறகு இருவரும் இந்த நாட்டுக்கு வந்து, ஒரே கோயிலில் பூசை கண்டும், அறுபது வருடமாகப் பேச்சில்லை.

"கடைசியில ஆர் வெண்டது?"

"மஞ்சள் பெட்டிக்காரன். அவன் எங்கட ஊர்ப்பக்கம் எட்டியும் பார்க்கேல்லை."

சிரிக்கப் போனவர் இருமுகிறார். பஸ் வந்து நிற்கிறது. வாளிப் பக்கம் கையை நீட்டுகிறார்.

"சரி, சிவப்பையே தாரும் தம்பி. அக்காவின்ர பெட்டியில நானும் அதையே போடுறன்."