மகளின் பால் பல்லை அடைத்தாயிற்று!

இன்று ஜார்ஜ்டவுனில் ஓர் அதிசயம் பார்த்தேன். என் ஆறு வயது மகள் பல் டாக்டரிடம் சிரித்தாள்!

கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி, ஒரு வாரமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். "பால் பல்லுதானே மாப்ள, தானா விழுந்திரும் லா" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்ன என் மனைவியின் அண்ணனை நான் மறக்கப்போவதில்லை. என் சின்ன வயதில் பல் பார்க்கப் பள்ளிக்கு வந்து, என்னை அமுக்கிப் பிடித்துப் பல்லைக் குடைந்த நர்ஸையும் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் மகளின் கையை இறுகப் பிடித்தபடி நின்றேன்.

ஊசி இல்லை. மெஷின் சத்தமும் இல்லை. அந்த இளம் டாக்டர் சின்னக் கரண்டி போன்ற ஒன்றால் சொத்தையை மெல்லச் சுரண்டி, வெள்ளைப் பசை வைத்து அடைத்துவிட்டார். இப்படியும் ஒரு வைத்தியமா!

"வலிக்குதாம்மா?"

"பல்லு வலிக்கலை டாக்டர். அப்பாவைக் கைய விடச் சொல்லுங்க, அதுதான் வலிக்குது."

டாக்டர் சிரித்தார். "அண்ணே, நீங்க கடைசியா எப்ப பல்லு காட்டுனீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். "ஏறுங்கப்பா, ஒண்ணும் இல்லை லா. நான் பிடிச்சுக்கிறேன்."

ஏறினேன். எனக்கு இரண்டு சொத்தை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அன்று மகளுக்குப் பள்ளி. கை பிடிக்க யார் வருகிறீர்கள்?