சகலைக்குக் கார் பார்த்த கதை

என் சகலை பல் செய்கிறவர். பல் பிடுங்குகிறவர் இல்லை, அது டாக்டர். டாக்டர் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓர மேஜையில் விளக்கைத் தாழ்த்திப் போட்டு, யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்துகிற பல்லை உட்கார்ந்து செதுக்குகிறவர். பேச்சு குறைவு. கோபம் கிடையாது. இப்படிப்பட்ட மனுஷன்மேல் யாருக்குப் பொறாமை வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு வரும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் வருகிறது.

காரணம் மாமனாரின் வாய். நான் கட்டியது மூத்தவளை, அவர் கட்டியது தங்கையை. மூத்த மாப்பிள்ளை நான்தான். ஆனால் மாமனாருக்கு இரண்டு வரிசைப் பல்லையும் செய்து மாட்டிவிட்டது அவர். அன்றிலிருந்து மாமனார் எதற்குச் சிரித்தாலும், நான் சொன்ன ஜோக்குக்கே சிரித்தாலும், வெளியே தெரிவது சின்ன மாப்பிள்ளையின் கைவேலை.

எனக்கென்று மிச்சமிருந்தது கார் ஒன்றுதான். வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். குடும்பத்தில் கார் வைத்திருப்பவனும் நான் ஒருவன்தான். பதினாலு வருஷத்துச் சின்ன வண்டி. டேஷ்போர்டு டப்பாவின் மூடி டேப் ஒட்டினால்தான் நிற்கும். இருந்தாலும் கார் கார்தானே.

அந்த நினைப்பிலும் ஒரு வியாழக்கிழமை மண் விழுந்தது.

"தங்கச்சி வீட்ல கார் வாங்கப் போறாங்களாம்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "எதை எடுக்கறதுன்னு நீங்கதான் பாத்து சொல்லணுமாம். அவர் சொன்னாராம்."

"ஏன், அவருக்கு வாயில்லையா? ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டறாரு, எங்கிட்ட பேச முடியலையா?"

"ஆமா, நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசிட்டாலும்."

அவள் சொன்னது சரிதான். நானும் சகலையும் எதையும் நேராகக் கேட்டுக்கொள்வதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றாலும், எனக்குச் சம்பளம் கூடினாலும், அக்கா தங்கை இருவரின் போன் வழியாகத்தான் சேதி போய்வரும். அவர் டிரைவிங் கிளாஸில் சேர்ந்ததும் அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு சேதி இல்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஷோரூம். உள்ளே நுழைந்ததும் என் கால் தானாக அதன் பக்கம் போய்விட்டது. அடர் நீலத்தில் ஒரு எஸ்யூவி. முன்னால் பார்த்தால் நெஞ்சு நிமிர்த்தின கெத்து. பின்னால் கூரை அப்படியே சரிந்து இறங்குகிறது. கூபே ஸ்டைலாம். பெரிய சக்கரம், அதைச் சுற்றிக் கறுப்பு வளைவு. ஆறு மாதமாகக் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து ஏங்கிய வண்டி. இந்த ஜென்மத்தில் என்னால் வாங்க முடியாத வண்டி.

சகலை அதைத் தொடக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து பல்லின் நிறம் பார்க்கும் பட்டையை எடுத்து, பக்கத்தில் நின்ற பெட்டி மாதிரியான வெள்ளை வண்டியின் கதவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வெள்ளை கொஞ்சம் மஞ்சள் அடிக்குது அண்ணே. வயசான பல்லு." விற்பனைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நீலத்தை ஓட்டிப் பாக்கறீங்களா சார்?" என்று அவள் கேட்டபோது, "அண்ணே ஓட்டட்டும், அவர் லைசென்ஸை வாங்கிக்கங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்," என்றார்.

ஓட்டினேன். என்ன சொல்ல! கால் வைத்ததும் கிளம்பியது, திருப்பியதும் திரும்பியது. வளைவில் ஒரு ஆட்டம் இல்லை. மேம்பாலம் ஏறும்போது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பே வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

இறங்கும்போதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. நாளையிலிருந்து இந்த மனுஷன் இதை இருபதில் உருட்டுவார். காலியான தெருவிலும் ஹாரன் அடிப்பார். மாமனார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் செய்த பல்லைக் காட்டி, அவர் வாங்கிய காரில் போவார். என் வண்டி பின்னால் இருமிக்கொண்டு போகும். பல்லையும் எடுத்துக்கொண்டாய், இதையுமா?

"எப்படி அண்ணே இருக்கு?"

"சும்மா பாக்கத்தான் சகலை அழகு," என்றேன். "பின் கண்ணாடி சின்னது, ரிவர்ஸ்ல ஒண்ணும் தெரியாது. பின்னாடி கூரை இடிக்கும்."

"எனக்கு இடிக்கலையே."

"மேடு பள்ளத்துல இடிக்கும். அதெல்லாம்கூடப் பரவால்ல. இந்த அளவு டயர் கெடைக்காது. ஒண்ணு போச்சுன்னா ரெண்டு மாசம் வண்டி நிக்கும். நான் கவுண்டர்ல நிக்கறவன், எனக்குத் தெரியாதா?"

கூரை விஷயம் பாதி உண்மை. டயர் முழுப் பொய். அந்த அளவில் பதினாறு டயர் எங்கள் கடை மாடியில் அடுக்கியிருக்கிறது. அடுக்கியதே நான்தான்.

சகலை ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடாமல் கேட்டார்: "உங்களுக்குன்னு வாங்கறதா இருந்தா, இதை எடுப்பீங்களா அண்ணே?"

என்னைப் பற்றி அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தொடக்கூட மாட்டேன்," என்றேன்.

வெள்ளைப் பெட்டிதான் வந்தது. மஞ்சள் அடிக்காத வெள்ளையாகப் பார்த்து எடுத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, ஷோரூம் ஆளே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். அவர்கள் வாசலை விட்டு எங்கள் வாசலில் எதற்கு என்று யோசிப்பதற்குள், சகலை மாமனாரையும் கொழுந்தியாளையும் கூட்டிக்கொண்டு வந்து, சாவியை என் கையில் வைத்தார்.

"எங்கிட்ட எதுக்கு?"

கொழுந்தியாள்தான் பதில் சொன்னாள். "மாமா, இவர் மூணு டெஸ்டுலயும் ஃபெயில். பல்லு செதுக்கற கை ஆடாம நிக்குது, கால்தான் நடுங்குது. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். இனிமே ஓட்டவே போறதில்லையாம். வண்டி உங்ககிட்டயே நிக்கட்டும், நீங்களே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு எங்கயாவது போகணும்னா வந்து கூட்டிட்டுப் போங்க, அவ்வளவுதான். அதனாலதான் உங்களையே பாக்கச் சொன்னார். ஓட்டப்போறவருக்குப் பிடிக்கணும் இல்லையா?"

சகலை செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் நீலத்தைத்தான் எடுக்கறதா இருந்தேன் அண்ணே. பாலம் ஏறும்போது கண்ணாடில உங்க முகத்தைப் பாத்தேன். ஆனா நீங்கதான் தொடக்கூட மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

அந்த வாசலில் அப்படியே என் கன்னத்தில் நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. சிரித்துவைத்தேன். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்சீட்டில் மாமனார், சகலை, கொழுந்தியாள். தலைக்கு மேல் ஒரு முழம் இடம். வண்டி நல்ல வண்டிதான். சொன்ன இடத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதல் சிக்னலில், பக்கத்தில் இருந்த மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த நீலத்துக்கு டயர் கெடைக்காதுன்னு சொன்னீங்களாமே? போன மாசம் அந்தப் பெரிய டயரை மாடிக்குத் தூக்கித் தூக்கித்தானே முதுகு புடிச்சுக்கிச்சு? நான்தானே தைலம் தேச்சேன்?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்ள, பச்சை விழுந்துடுச்சு," என்றார் மாமனார் பின்னாலிருந்து. கண்ணாடியில் பார்த்தேன். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.