மெய்யம்மையின் இடது புருவம்

மலேசியாவில், கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கும் மெய்யம்மைக்கு வாயில் 'முடியாது' வராது. சொந்தக்காரர்களிடம் சுத்தமாக வராது. அந்த வேலையை இடது புருவம் பார்த்துக்கொண்டது. அது லேசாக ஏறினால் போதும், கல்லாவில் இருக்கும் தாமரை, கேட்ட புடவை ஏற்கெனவே புக்கிங் ஆகிவிட்டது என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள்.

மகள் நித்யாவின் கல்யாணப் போட்டோவில் தன் நெற்றிச் சுருக்கம் தெரியக்கூடாதாம் மெய்யம்மைக்கு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போய் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். டாக்டர் யாழினி பொறுமையாக விளக்கினார். நரம்பு நுனியில் ரசாயனம் அடைத்த குட்டிப் பைகள் காத்திருக்கும். மூளையின் உத்தரவு வந்ததும் உள்ளே கால்சியம் பாயும். அதை மோப்பம் பிடிக்க ஒரு காவல்காரப் புரதம் உண்டு. அது சைகை காட்டினால்தான் பை திறந்து, ரசாயனம் கொட்டி, தசை சுருங்கும். இந்த ஊசி, பையை இழுத்துத் திறக்கும் கொக்கியை வெட்டிவிடும். காவல்காரர் என்ன கத்தினாலும் பை திறக்காது. மெய்யம்மை காதில் விழுந்தது, சுருக்கம் போய்விடும் என்பது மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை நாத்தனார் சிகப்பி கடைக்கு வந்தாள். நித்யாவின் முகூர்த்தத்துக்காக அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த அரக்குக் காஞ்சிபுரம் எப்படியோ அவள் கண்ணில் பட்டுவிட்டது. அவள் கண் அப்படிப்பட்டது. தன் மகளுக்கு இதுதான் வேண்டும் என்று எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள்.

மெய்யம்மை புருவத்தை ஏற்றினாள். ஏறவில்லை. உயிரைக் கொடுத்து ஏற்றினாள். நெற்றி, பால் குடித்துத் தூங்கும் குழந்தை மாதிரி சாந்தமாக இருந்தது. தாமரை முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புருவம் என்ற கால்சியமே வராவிட்டால் கடையின் காவல்காரரான தாமரை என்ன செய்வாள், பாவம். முழுச் சம்மதம் என்று நினைத்துப் புடவையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

சிகப்பி வாசல் வரை போய்விட்டாள். மெய்யம்மை அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"சிகப்பி, அத தர முடியாது. நித்யாவோட புடவை."

வாழ்நாளில் முதல்முறை. சொன்ன முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. சிகப்பி திரும்பி வந்து அந்த நெற்றியையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, எந்த கிளினிக் லா?"

மெய்யம்மை கையை நீட்டினாள். புடவைப் பை கைக்கு வந்த பிறகுதான் விலாசம் சொன்னாள்.

கல்யாணப் போட்டோவில் மெய்யம்மையும் சிகப்பியும் சுருக்கமில்லாத நெற்றியோடு ஒரே பளபளப்பில் நின்றார்கள். யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரியாமல் சொந்தமெல்லாம் தவித்தது.

சில மாதங்களில் ஊசியின் வேகம் குறைந்து, புருவம் பழையபடி ஏறத் தொடங்கியது. அன்று ஒரு தூரத்துச் சொந்தம் வந்து எதையோ இலவசமாகக் கேட்டது. புருவம் ஏறியதும் தாமரை நிம்மதியோடு வாயைத் திறந்தாள். அதற்குள் மெய்யம்மையே முடியாது என்று சொல்லிவிட்டிருந்தாள்.