சாச்சியின் வேலியோரப் பூக்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, உம்மாவின் தங்கையான சாச்சி என் வர்ணப் பென்சில் பெட்டியை இரவல் கேட்டார். எத்தாளை ஊரில் எங்கள் பக்கத்து வளவுதான் அவருடையது. வாசல் கேட்டிலிருந்து வேலி நெடுகப் பூப்பாத்தி போடப் போகிறாராம். என் சித்திரக் கொப்பியில் பன்னிரண்டு பெட்டிகள் கீறி மாதங்களின் பெயரை எழுதினோம். மழை மாதங்களுக்குக் காசித்தும்பையின் ரோஸ் நிறம், ஜனவரிக்குச் செவ்வந்தியின் மஞ்சள், வெயிலுக்குப் பட்டிப்பூவின் ஊதா.

"ஒரு மாசமும் வெறுமையா ஈக்கக் கூடாது மகள்," என்றார்.

ஓகஸ்ட் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. அப்போது கச்சான் காற்று கடலுப்பையும் மணலையும் அள்ளி வந்து இலைகளைக் கருக்கிவிடும். சாச்சி கற்பிட்டியிலிருந்து போகன்வில்லாத் தடிகளை ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, ஓலை மறைப்புக் கட்டி நட்டார். இரண்டு பட்டுப்போயின. ஒன்று தப்பியது.

சாச்சியின் கணவர் சாச்சா, கலியாணம் முடித்த ஆறாம் மாதமே கட்டாருக்கு வேலைக்குப் போனவர். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார்.

"எப்ப வாற?" என்று சாச்சி கேட்பார்.

"லீவு கெடச்சா வருவன்," என்பார். எந்த மாதம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாச்சிக்குப் பூவில் பைத்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாத்தி போட்ட மூன்றாம் வருட ஓகஸ்டில், ஒரு பகல், சொல்லாமல் கொள்ளாமல் சாச்சா வந்து இறங்கினார். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. தப்பிய போகன்வில்லா படர்ந்து வேலி முழுக்கச் சிவப்பு. பயணப் பெட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டடியிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் யார் வெச்ச?" என்று என்னிடம் கேட்டார்.

"சாச்சிதான். எல்லா மாசத்துக்கும் பூ ஈக்கிது," என்றுவிட்டு உள்ளே ஓடினேன். சாச்சி குசினியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "வாறன் எண்டு சொல்லு," என்று மறுபடியும் தண்ணீரை அள்ளினார். கழுவிய முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

எனக்குக் கோபமாக வந்தது. ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பூக்களைக் காட்டுகிறவர், இத்தனை தூரம் வந்தவருக்குக் காட்ட வேண்டாமா? நானே சாச்சாவின் கையைப் பிடித்துப் பாத்தி நெடுகக் கூட்டிக்கொண்டு போனேன். இது ஜனவரிக்கு, இது பெப்ரவரிக்கு, பூக்காமல் நிற்கிற இது மார்ச்சுக்கு. ஒவ்வொரு மாதமாகச் சொல்லச் சொல்ல அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது. பாவம், வெயில் தாங்கவில்லை போலும் என்று எண்ணி, நான் அவசர அவசரமாக டிசம்பருக்கு வந்துவிட்டேன்.