மாமாவின் சுண்டுவிரல்

எங்கள் மாமா கித்தார் வாசித்தால் தப்பு வராது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பினாங்கில் நாங்கள் குடியிருந்த சந்தில் எல்லாரும் சொல்வார்கள். சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சுவருக்கு அடுத்த பக்கம் குடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி. எனக்கு எட்டு வயதிருக்கும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா, உத்தியோகம் பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். மாலையில் வந்து காப்பி குடித்ததும் முன்னறை நாற்காலியில் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் முக்காலியின் மேல், சீமையிலிருந்து அவர் தருவித்த தாளப் பெட்டி இருக்கும். சாவி கொடுத்தால் அதன் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி டிக் டிக்கென்று அடிக்கும். மாமாவின் விரல்கள் அதற்கு மயிரிழை முந்தாது, பிந்தாது. அடுப்படியில் அம்மா வெங்காயம் நறுக்குவதும் அந்தத் தாளத்திலேயே நடக்கும். வேண்டாமென்றாலும் கை கேட்க மாட்டேனென்கிறது என்று சலித்துக்கொள்வாள்.

மாமாவுக்கு உயிர் ஒரு போல்கா. வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாகக் குதித்து ஆடுகிற வேகமான மெட்டு. அதன் நடுவில் ஓர் இடம் வரும். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தனியாகக் கிளம்பிக் கித்தாரின் கழுத்து முடிகிற இடம்வரை ஓடி, ஒரே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்து மற்ற விரல்களோடு சேர்ந்துகொள்ளும். நான் தரையில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒரு நாளும் தவறியதில்லை. திரும்பி வந்து சேர்ந்ததும் மாமா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலுக்காக இன்றும் ஏங்குகிறேன். இந்த வயதில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் மாதா கோவிலுக்கு வருகிறவர்களில் ஆஸ்பத்திரி டிரஸர் குடும்பம் ஒன்று. டிரஸர் என்றால் டாக்டருக்கு அடுத்தபடி. புண்ணுக்கு மருந்து வைப்பதிலிருந்து ஊசி போடுவதுவரை அவர்தான். அவருடைய மகள் பூசையில் பாடுகிற கூட்டத்தில் ஒருத்தி. அந்த அக்கா வாய் திறந்து பாடும்போது மாமா செபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞானஸ்நான விருந்தில் மாமா வாசித்தார். போல்காதான். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா சும்மா இருக்க மாட்டாமல், கேக் தட்டை நீட்டுகிற சாக்கில், எப்படி இருந்தது என்று அந்த அக்காவிடம் கேட்டுவிட்டாள்.

“ரொம்ப சுத்தமா வாசிக்கிறாரு லா. ஒரு தப்பு இல்ல,” என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா கேட்டுட்டு எனக்கு ஒண்ணும் ஆகலக்கா,” என்றாள்.

அம்மா இதை வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். அப்பாதான் தேற்றினார். அப்பாவும் கிராணி, கணக்குப் பகுதியில். தப்பில்லாத எதுவும் அவருக்கு அழகு.

“ஒண்ணும் ஆகலைன்னா அவங்கப்பாகிட்டயே மருந்து வாங்கிக்கச் சொல்லு மச்சான். நீ நிறுத்தாத,” என்றார்.

மாமா தாளப் பெட்டியின் வேகத்தை இன்னும் கூட்டி வைத்தார். ஆனாலும் அந்தப் பேச்சு அவருக்குள் தைத்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. போல்கா முடிந்ததும் யாரையோ கேட்பதுபோல ஜன்னலைப் பார்ப்பார்.

பிறகு எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மழைக்காலத்தில் ஏதோ ஒரு சமயம், வாசிப்பு மாறியது. முதலில் தாளப் பெட்டி அலமாரி மேல் போயிற்று. அப்புறம் போல்கா நின்றது. மாமா ஒரு குரோஞ்சோங் மெட்டை எடுத்துக்கொண்டார். மலாய் நாடகக்காரர்கள் மேடையில் பாடுகிற, இழுத்து இழுத்துப் போகிற சோகமான மெட்டு. அதை அவர்களைவிடவும் மெதுவாக வாசித்தார். நடுவில் நிறுத்துவார். ஒரு சுரம் வரவேண்டிய இடத்தில் அது வராது; நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, அதற்குப் பதிலாகக் கீழிருந்து இன்னொன்று தயங்கித் தயங்கி வந்து சேரும். சுண்டுவிரல் எங்கும் ஓடவில்லை. கொஞ்சம் மடங்கினாற்போல் சும்மா இருந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பெரியவர்கள் ஒரே குரலாக, இப்போதுதான் வாசிப்பில் உயிர் வந்திருக்கிறது என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் பெருமூச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் சொன்னதால் நானும் நம்பினேன். கொஞ்ச நாளில் எனக்கும் அந்த மெட்டுத்தான் பிடித்துப்போயிற்று.

கிறிஸ்துமஸ் விருந்தில் டிரஸர் வீட்டு அக்கா அதைக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன்; மாமாவும் பார்த்தார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அவர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆள் ஆகாயத்தில் மிதக்கிறார் என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள். எனக்கென்னவோ, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி அவர் நடந்ததுதான் ஞாபகம்.

அந்த நாட்களில்தான் மாமா எனக்கும் என் தம்பிக்கும் ஒரு வித்தை காட்ட ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்குதான். திரி புகைந்தால் அம்மா துணியைச் சுற்றிக்கொண்டு விளக்கின் கண்ணாடியைக் கழற்றுவாள். மாமா வெறும் இடது கையால் கழற்றுவார். கழற்றியதைச் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையிலேயே ஏந்திக்கொண்டு, சாவகாசமாகத் திரியைக் கத்தரித்து, மறுபடியும் மாட்டுவார். நாங்கள் கூச்சல் போடுவோம்.

“எப்படி மாமா?”

“வருஷக்கணக்கா கம்பி தேச்ச விரலு பாப்பா. காப்புக் காய்ச்சுப் போச்சு. நெருப்பால ஒண்ணும் பண்ண முடியாது.”

விரல் நுனிகளைக் காட்டுவார். உண்மையிலேயே கட்டி கட்டியாகக் காய்ப்பு இருக்கும். அப்பாகூட அதைத் தொட்டுப் பார்த்து, உழைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் புத்தி சொன்னார். மறுநாள் கொப்புளம் போட்டிருந்தால் அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். கித்தார்க்காரர் கை என்று எங்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு பெருமை.

பெண் வீட்டிலிருந்தே சம்மதம் வந்தது. தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பார். முதல் ஞாயிறு மாமாவின் பெயரை வாசித்தபோது, அது என் பெயர்தான் என்பதுபோல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தடை என்றால் என்ன என்று தம்பி காதோடு கேட்டான். பொண்ணுக்குக் கித்தார் பிடிக்காமல் போவது என்று விளக்கம் சொன்னேன்.

அன்று சாயந்தரம் டிரஸரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிட வந்தார்கள். அக்கா வரவில்லை, கல்யாணத்துக்கு முன் பெண் வருவது முறையில்லை. மாமா அந்த மெதுவான மெட்டை வாசித்தார். டிரஸர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “எம் பொண்ணு சும்மா அழல மாப்பிள்ளை,” என்றார். மாமாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு புகைந்தது. மாமா யாரும் கேட்காமலே எழுந்து, வழக்கம்போல வெறும் கையால் கண்ணாடியைக் கழற்றி, திரியைக் கத்தரித்தார். டிரஸரின் மனைவி ஐயையோ என்று பதறினார். நானும் தம்பியும் கைதட்டினோம். அப்பா சிரித்துக்கொண்டே காய்ப்புக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். டிரஸர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

“சுடலையா?”

“பழகிப்போச்சுங்க.”

“அந்தக் கைய இப்படிக் குடுங்க பாப்போம்.”

கைக்குட்டையின் ஒரு முனையைத் திரி மாதிரி முறுக்கினார். மாமாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொடுகிற விரல் எது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரே குஷி. பெரியவர்கள் எங்களை வைத்துக்கொண்டு விளையாடுவது அபூர்வம். கட்டை விரலைத் தொட்டார். மாமா சரியாகச் சொன்னார். ஆள்காட்டி விரல், அதுவும் சரி. பிறகு சுண்டுவிரலைத் தொட்டார். மாமா இன்னும் காத்திருந்தார்.

“தொடுங்க,” என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

டிரஸர் கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைத் தன் இரண்டு விரலால் கிள்ளினார். என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த விளையாட்டிலும் தோற்காத மாமா தம்பியின் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தார். “சுண்டுவிரல் மாமா, சுண்டுவிரல்!” என்று மெல்லச் சொன்னேன்.

மாமா கண்ணைத் திறந்தார். டிரஸரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லிக் குடுக்காத பாப்பா,” என்றார்.

டிரஸர் மாமாவின் சட்டைக் கையை மேலே சுருட்டி விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார். முழங்கைக்கு மேலே தோல் வெளுத்து ஒரு திட்டு இருந்தது. தேமல் என்று அம்மா மஞ்சள் பூசிக்கொண்டிருந்த இடம். டிரஸர் அந்தக் கையை உடனே விட்டுவிடவில்லை. தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். “எத்தன நாளா தம்பி?” என்றார். மாப்பிள்ளை தம்பியாகிவிட்டார். எங்கள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லவில்லை. குஷ்டம். விரலில் உணர்ச்சி போவதுதான் அதன் முதல் வேலை என்று டிரஸருக்குத் தெரியும், காய்ப்பைக் கொண்டாடிய எங்களுக்குத் தெரியாது. அப்போது அதைத் தீர்க்கிற மருந்து கிடையாது. சர்க்கார் சட்டப்படி, அந்த நோய்க்காரர்களை ஒதுக்கி வைக்கிற ஜெரெஜாக் தீவுக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு யார் யாருடைய பெயரோ வந்தது. மாமாவின் பெயர் வரவில்லை. சாமியார் மறந்துவிட்டார் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடுகிற கூட்டத்தில் அக்கா நிற்கிற இடம் காலியாக இருந்தது.

மாமாவைப் பின்னறையில் வைத்திருந்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. அவர் போகிற அன்று காலை நான் முற்றத்தில், அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உள்ளே டிக் டிக் சத்தம் கேட்டது. தாளப் பெட்டியை மறுபடி எடுத்திருந்தார். பிறகு போல்கா தொடங்கியது. நன்றாகத்தான் வந்தது. அந்த இடம் வந்ததும் தடுக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே இடம். பெட்டி மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயிற்று. கேட்கச் சகிக்கவில்லை. நான் எக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, இது வேணாம். அழகா ஒண்ணு வாசிப்பீங்கல்ல, அது வாசிங்க.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு, என்ன?”

“ஆமா மாமா. அதுலதான் உயிர் இருக்காம்.”

“அது இந்த விரலு வராததால வந்தது பாப்பா,” என்றார். கோபமில்லை, சொல்லிவிட்டுச் சுண்டுவிரலை வலது கையால் பிடித்து நிமிர்த்தினார். அது மறுபடி மடங்கிக்கொண்டது. “எனக்கு இதுதான் வேணும்.”

எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பெட்டியை நிறுத்தினார். அந்த மெதுவான மெட்டை எனக்காக முழுவதும் வாசித்தார். நான் கம்பியை விட்டுவிட்டுக் கைதட்டினேன். கண் சிமிட்டுவார் என்று பார்த்தேன். அவர் கித்தாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அழைத்துப்போக டிரஸரே வந்தார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். கித்தாரையும் தாளப் பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு சந்து முனைவரை மாமாவோடு நடந்து போனார். அடுத்த வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

மாமா திரும்பி வரவில்லை. அக்கா பிறகு ஈப்போவில் யாருக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனாள். விடுமுறை நாளில் அப்பா எங்களைக் குளுகோர் பக்கம் கடற்கரைக்கு அழைத்துப் போவார். அங்கிருந்து பார்த்தால் தீவு பச்சையாக, கூப்பிடு தூரம்போலத் தெரியும். மாமா வாசித்தால் இங்கே கேட்குமா என்று கேட்டேன். காற்று நம்ம பக்கம் அடிச்சா கேக்கும் என்று அம்மா ஏதோ சொல்லி வைத்தாள். அதனால் காற்று அடிக்கும்போதெல்லாம் தம்பியின் வாயைப் பொத்திவிட்டுக் காது கொடுப்பேன். அந்த மெதுவான மெட்டு தண்ணீர்மேல் எப்படியும் வந்து சேரும் என்று நம்பினேன். ஒன்றும் கேட்காவிட்டால், மாமா நடுவில் நிறுத்துகிற இடம் இது, இதோ அடுத்த சுரம் வந்துவிடும் என்று காத்துக்கொண்டு நிற்பேன். அங்கே அவர் சாவி கொடுத்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போல்காவின் அந்த ஓர் இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.