வெக்கை நோட்டில் என் எழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம். அதன் கீழே, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ படத்தில் ஜெபமணி சார் சிரித்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. முந்தின நாள் மாலை நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அவர் புவியியல் ஆசிரியர், நான் இயற்பியல். பதினேழு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர்கள், “சாரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போதும்” என்றார்கள். நல்லது அவரிடம் நிறைய உண்டு. என் கதை அப்படியல்ல. கடைசிவரை அவர் சுமந்த ஒரு பழி என்னுடையது. அதை இங்கே சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டுப் போனால் என்னைவிட ஈனன் யாரும் இருக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் ஆய்வகத்துக்கு வந்து மூன்று வெப்பமானிகளைக் கேட்டு வாங்கிப் போனார். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம் என்று மூன்று குழி தோண்டி அவற்றை இறக்கினார். பள்ளியின் கடைநிலை ஊழியர் ஓடிவந்து என்னிடம், “சார், பூகோள வாத்தியாரு என்னமோ செய்வினை வைக்காரு” என்றார். போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில் மேல்மண் கொதித்தது, ஒரு சாண் கீழே அதன் சுவடே இல்லை. பொழுது சாய்ந்து மேல்மண் ஆறத் தொடங்கியபோதுதான் ஒரு சாண் ஆழத்தில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான்.

“சூடு பையத்தான் எறங்கும் வே. மேல உள்ளவன் மறந்தப்புறம்தான் கீழ உள்ளவனுக்குச் சேதியே போகும்” என்றார். வெப்பமானிகளை அவர் திருப்பித் தரவே இல்லை. கேட்டால், “வெப்பம் ஒங்க பாடம்னு யாருவே எழுதி வச்சா?” என்பார்.

அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். செம்மணல் மேடான தேரியில் நடந்து பள்ளிக்குப் போனவர். வெயிலையும் வெக்கையையும் யாராவது ஒன்றாக்கிப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. “வெயிலு மேலேருந்து வரும், வெக்கை கீழேருந்து வரும். மண்ணு பகல் பூரா குடிச்சதைத்தான் சாயங்காலம் நம்ம மேல ஊதுது” என்று அதட்டுவார். பிள்ளைகளைத் தாமிரபரணியின் குறுக்குத்துறைக்கு அழைத்துப்போய், நடுப்பகலில் ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலை மணலிலும் வைத்து நிற்கச் சொல்வார். ஒரே சூரியன்தான், ஆனால் ஒரு கால் குளிரும், மறுகால் துள்ளும். மண் சீக்கிரம் சுடும், தண்ணீர் தாமதமாகச் சுடும், அதனால்தான் கடற்காற்று வருகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் சாகும்வரை மறக்கமாட்டார்கள்.

தினமும் மூன்று மணிக்குக் காற்றின் வெப்பத்தையும் தரையின் வெப்பத்தையும் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதுவார். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வெக்கை நோட்டு. அவருக்கு வகுப்பு இருந்தால் நாங்கள் யாராவது பார்த்து எழுதுவோம். யார் எழுதினாலும் ஓரத்தில் ‘ஜெ’ என்றே போடுவது வழக்கம், நோட்டு அவருடையது அல்லவா? அந்த ஓர் எழுத்துதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அவரைக் கவிழ்த்தது.

நான் சேர்ந்த ஆறாம் ஆண்டு, மைதானத்துக்கு யாரோ நன்கொடை கொடுத்து சிமென்ட் தளம் போட்டார்கள். “மண்ணுன்னா ரெண்டு கை தண்ணி தெளிச்சா ஆறும். இதை என்னத்தச் சொல்லி ஆத்துவீரு?” என்று ஜெபமணி சார் தனியாளாக எதிர்த்தார். யாரும் கேட்கவில்லை. மாசிக் கடைசியில் ஆண்டுவிழா கோலாட்ட ஒத்திகை. வெறுங்கால் ஆட்டம். வெக்கை நோட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள் என்று மட்டும் ஆட்டம் பழக்கிய ஆசிரியையிடம் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் ஜெபமணி சார் என்னிடம், “மூணு மணிக்கு எனக்கு வகுப்பு. நீரு பாத்து எழுதிரும். காத்தை மட்டும் அளக்காதேயும், தரையையும் பாரும்” என்றார்.

நான் வேப்பமர நிழலில் வெப்பமானியைப் பிடித்தேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. சிமென்ட் தளம் நாற்பது தப்படி தள்ளி, வெயிலில் கிடந்தது. சோம்பல், வேறொன்றுமில்லை. தரைக் கட்டத்தில் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டு, ஓரத்தில் ‘ஜெ’ என்று எழுதினேன். இயற்பியலில் முதுகலை படித்தவன் நான். தொட்டால் ஏறும் சூடு வேறு, காற்றில் நிற்கும் சூடு வேறு என்று அன்று காலைதான் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன்.

அதே வகுப்புப் பிள்ளைகள்தான் ஆட இறங்கினார்கள். ஆசிரியைக்குப் பயந்து, சுடுகிறது என்று யாரும் தளத்தை விட்டு விலகவில்லை. மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தி மயங்கி அந்தத் தளத்திலேயே விழுந்தாள். உள்ளங்காலெல்லாம் கொப்புளம், கன்னத்திலும் கையிலும் தோல் வழன்றுவிட்டது. ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

விசாரணையில் நோட்டைப் பிரித்து, “யாரு பார்த்தது?” என்று தலைமையாசிரியர் கேட்டார். ஜெபமணி சார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? எனக்கு அப்போது பணி நிரந்தரமாகவில்லை, வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். என்னை ஏறிட்டும் பார்க்காமல், “நான்தான் சார். தரையைப் பாக்க விட்டுப்போச்சு” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

தரை தரை என்று உயிரை விட்ட மனிதர் தரையைப் பார்க்கவில்லையாம் என்று ஊரே சிரித்தது. தலைமையாசிரியர் பதவி அவருக்கு வராமலே போயிற்று. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. பள்ளி வாசலில் அந்தப் பிள்ளையின் தாய் அவரை மறித்து, “ஒரு புள்ளையப் பெத்திருந்தா உமக்குத் தெரியும்! ஊரான் புள்ள காலு வெந்தா உமக்கென்ன?” என்று கத்தினார். ஜெபமணி சாருக்குக் குழந்தை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

அதற்குப்பின் பதினோரு ஆண்டுகள் என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஒரு சுடுசொல் இல்லை. சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் உடனே கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து, வீட்டில் கூட்டம் கலைந்தபின் அவருடைய மனைவியிடம், நான் மைனி என்று அழைப்பவரிடம், எல்லாவற்றையும் சொன்னேன். மைனி அழவில்லை.

“தெரியும் தம்பி. அன்னைக்கே சொன்னாவ. ‘அவனே ஒருநாளு வந்து சொல்லிருவான், நீ பொறு’ன்னாவ. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நீங்க வாசல்ல செருப்பைக் கழத்தும்போது, இன்னைக்குத்தான்னு அவிய மொகத்தைப் பாப்பேன். கேக்கு தின்னுட்டுப் போயிருவீய.” பிறகு, “எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தத் தாய்ட்டப் போயிச் சொல்லுங்க. அவ சொன்னதுதான் அவியளை அரிச்சுது” என்றார்.

மறுநாள் மேலப்பாளையத்துக்குப் போனேன். அந்த அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணமாகித் துபாயில் இருக்கிறாளாம். நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது.

“அப்ப அந்த சாரு இல்லியா?”

“இல்லம்மா. நான்தான்.”

“‘நான் இல்லம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அந்த மனுசன்? புள்ளையில்லாதவருன்னு தெரிஞ்சில்லா சொன்னேன், படுபாவி!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, “இப்ப எங்க இருக்காரு?” என்றார்.

“மவுத்தாயிட்டாரும்மா. நேத்து அடக்கம்.”

அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். சுளகை இறக்கி வைத்துவிட்டு, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, “எந்த எடம்னு காட்டும்” என்று முன்னால் நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மாலைகள் வாடிக் கிடந்தன. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். “சாரே, தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சிரும்” என்றார். சேதி கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குப் பதினோரு ஆண்டுகள் இருந்தன. பக்கத்தில் நின்றும் எனக்கு வாய் வரவில்லை.

அதனால் அச்சில் சொல்கிறேன், ஊர் முழுக்கப் படிக்கட்டும். அன்று தரையைப் பார்க்காதவன் நான். சார், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? இனி அந்தப் பழி என் பெயரில் இருக்கும். நீங்கள் பாரமில்லாமல் உறங்குங்கள்.