எதிரிக் கடைக்கு முதல் போணி

ஒரத்தநாட்டில் டீக்கடையோடு சேர்ந்த சின்ன பேக்கரி ஒன்றை நான் நடத்திக்கொண்டிருந்தபோது, என் கடை சாண்ட்விச்சுக்கு ஊரில் போட்டியே கிடையாது. வேறு யாரும் போடவில்லை என்பதுதான் காரணம். இனிப்பு பிரெட் இரண்டு துண்டு, நடுவே வெள்ளரிக்காயும் வெங்காயமும், மேலே கோலம் போட்டதுபோல் தக்காளி சாஸ். கால்நடைக் கல்லூரி மாணவர்கள் காலையும் மாலையும் வந்து பெஞ்சை நிரப்புவார்கள். அவர்களை நம்பித்தான் கடை. கடையை நம்பித்தான் நானும் என் மனைவியும்.

திடீரென்று பெஞ்சு காலியாகிவிட்டது. பரீட்சை என்று நினைத்தேன். பிறகு ஸ்டிரைக் என்று நினைத்தேன். கடைசியில் டீக்கு மட்டும் ஒதுங்கிய ஒரு மாணவன் உண்மையைச் சொன்னான்.

"கால்வாய் ரோட்டுல இத்தாலி கடை போட்ருக்காங்கண்ணே. நெசமான இத்தாலி சாண்ட்விச்சு. செமயா இருக்கு."

"கால்வாய் ரோட்டுக்கு இத்தாலி எந்த பஸ்ஸுல வந்துச்சு?"

"நெல் கொள்முதல் நெலயத்துக்குப் பக்கத்துலண்ணே. போய்ப் பாருங்க, ஒரே கூட்டம்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது தோளில் வலி இறங்குவதுபோல் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் சோடாவை உடைத்து நீட்டினாள். ஏப்பம் வந்தது, வலி போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் உளவு பார்க்கக் கிளம்பினேன். முகம் தெரியக்கூடாது என்று, பரணில் கிடந்த ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

தார்ப்பாய் மூடிய நெல் மூட்டைகள், வரிசையில் நிற்கும் லாரிகள், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடை, பூச்சிமருந்துக் கடை. கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை. 'இத்தாலி ரொட்டி' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. என் வயிற்றில் அமிலம் சுரந்தது. அந்த இடமே காரணம். ஒரு காலத்தில் அது எங்கள் பெரியப்பா நிலத்தின் ரோட்டோர மூலை. குத்தகைத் தகராறு, கொடி நடுவது, தாசில்தார், கோர்ட்டு என்று இழுத்துக் கடைசியில் சாகுபடி செய்தவருக்கே போனது. போனது நியாயம் என்று சொல்லிக் குடும்பத்தில் கெட்ட பெயர் வாங்கியவன் நான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பெரியப்பாவிடமே வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்த மூலையில் அவர்கள் நெல் போடுவதற்குத்தான் என் கொள்கை சம்மதித்திருந்தது. ரொட்டி போடுவதைப் பற்றி யாரும் என்னிடம் அப்போது சொல்லவில்லை.

கடைக்காரர் அந்தக் குத்தகைதாரரின் மகன். இத்தாலியில் பல வருஷம் முதலில் மாட்டுப் பண்ணையிலும் பிறகு ரொட்டிக் கடையிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய அப்பா எங்கள் பெரியப்பாவைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்கண்ணே. ஹெல்மெட்ட கழட்டிட்டு ஒக்காருங்க, அதோட சாப்புட முடியாது."

உளவு அத்தோடு முடிந்தது. கூட்டம் இன்னும் வந்திருக்கவில்லை, நான் ஒருவன்தான். தட்டையான ரொட்டி, மேலே விரலால் அழுத்திய குழிகள், குழிகளில் எண்ணெய். அதைக் குறுக்கே அறுத்து, சுட்டு எண்ணெயில் ஊறவைத்த கத்திரிக்காய், தக்காளி, எருமைப்பாலை அன்று காலையே திரியவைத்து வெந்நீரில் பிசைந்து இழுத்த வெள்ளைச் சீஸ், மேலே திருநீற்றுப் பச்சிலை இரண்டு கொத்து. அந்தப் பச்சிலை எங்கள் கொல்லையில் காடாக மண்டிக் கிடக்கிறது. அதை ரொட்டிக்குள் வைக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"சாஸ் எங்க தம்பி?"

"அங்க அதெல்லாம் ஊத்த மாட்டாங்கண்ணே. ஊத்துனா என் மொதலாளி கெழவி கரண்டியாலயே அடிப்பா."

குறை கண்டுபிடிக்கத்தான் கடித்தேன். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. சீஸ் பல்லில் இழுத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே பச்சிலை வாசனை ஏறியது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அது ருசியால் வந்ததா, வயிற்றெரிச்சலால் வந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

"எப்டிண்ணே இருக்கு?"

"உப்பு தூக்கல்" என்றேன். விரலை நக்கிக்கொண்டே சொன்னதால் எடுபடவில்லை.

காசைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னிக்கி மொத போணி நீங்கதாண்ணே" என்றார்.

இங்கேதான் என் கிரகம் மாறியது. வயலில் எண்ணெய்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று அன்று முற்பகலில் சாலை மறியல் ஆரம்பித்தது, சரியாக அவர் கடைக்கு எதிரே. ஒருவரையொருவர் கல்யாண வீட்டில்கூடப் பார்க்காத இரண்டு கழகத்துக் கரைவேட்டிகளும் ஒரே தார்ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. நாகூருக்குப் போன வேன்கள், நெல் லாரிகள், போலீஸ் ஜீப் எல்லாம் நின்றுவிட்டன. அத்தனை பேருக்கும் பசி. கடையில் ஒரு துண்டு ரொட்டி மிஞ்சவில்லை.

சாயங்காலம் அவர் என் கடைக்கே வந்து நின்றார்.

"அண்ணே, உங்க கைராசி! கட போட்ட நாள்லேருந்து இப்டி ஒரு வியாபாரம் ஆவுல. தெனம் காலைல நீங்கதாண்ணே வந்து போணி பண்ணணும்."

"தம்பி, எனக்குக் காலைல நெறைய வேல..."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "வருவாரு தம்பி. காலைல சும்மா பேப்பர்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு."

ஆக, என் கடையைச் சாகடிக்கிற கடையை நானே தினமும் கைராசியோடு திறந்துவைக்க வேண்டியதாயிற்று. ராசியைக் கெடுக்க என்னால் ஆனதைச் செய்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். இடது கையால் காசைக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனசுக்குள் 'விளங்காது' என்றும் சொன்னேன். என்ன செய்தாலும் விளங்கியது. ஒருநாள் கல்லூரிக்கு வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள், இன்னொரு நாள் கொள்முதல் அதிகாரிகள் வந்தார்கள். இத்தனை சாபத்துக்கு நடுவிலும் நான் ஒருநாளும் ரொட்டியை மிச்சம் வைத்ததில்லை.

ஒருநாள் காலையில் ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டிக்கொண்டு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், என் கடை பெஞ்சில் மாணவர்கள்!

"என்னப்பா, வழி தெரிஞ்சுதா?"

"அங்க இன்னும் போணி ஆவுலயாம்ணே. யாரோ ராசிக்காரரு வரணுமாம், அதுவரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேங்குறாரு."

எனக்குப் பறக்கலாம் போல் இருந்தது. சாவி என் கையில்! நான் போகாத வரைக்கும் அந்தக் கடை திறந்தும் திறக்காத கடை. அன்று ஏதோ சாக்குச் சொல்லித் தாமதமாகப் போனேன். மறுநாள் போகவே இல்லை. பேப்பரை விரித்துக்கொண்டு, விவசாயப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

பெஞ்சு நிறைந்தது. டீ போய்க்கொண்டிருந்தது. என் சாண்ட்விச்சு மட்டும் கண்ணாடிப் பெட்டியில் சாஸ் காய்ந்து கிடந்தது. ஒருவனிடம் நீட்டிப் பார்த்தேன்.

"வேணாம்ணே, வயித்துல எடம் வச்சிருக்கேன்" என்றான்.

என் கடையை அவர்கள் பஸ் ஸ்டாண்டு மாதிரி வைத்திருந்தார்கள். என் மனைவி பேப்பரைப் பிடுங்கினாள்.

"அந்தத் தம்பி அங்க காத்துக்கிட்டு கெடக்கு. மாவெல்லாம் புளிச்சுப் போயிடாது?"

"நான் என்ன மந்திரவாதியா? அவர யாரு காத்துக்கிட்டு கெடக்கச் சொன்னா?"

"அப்ப அத அங்க போயி சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். மோட்டார் கடை ஓரத்தில் மறைந்து நின்று பார்த்தேன். ரொட்டித் தட்டுகள் ஈரத்துணி மூடி வரிசையாக இருந்தன. ஒரு கரைவேட்டிக்காரர் காரிலிருந்து இறங்கி, "பத்து பார்சல் குடுப்பா, மீட்டிங்கு" என்று அதட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க. ஒரு அண்ணன் வரணும். வந்துருவாரு."

"வரலன்னா?"

"வராம இருக்க மாட்டாரு. அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயோன்னுதான் யோசனயா இருக்கு. ஆள் அனுப்பலாமான்னு பாக்குறேன்."

கார் கோபமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பத்து பார்சல்! என் கடையில் எனக்காகக்கூட யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த ராசிக்கார அண்ணன்மேலேயே பொறாமையாக இருந்தது. அவன் இவ்வளவு நம்பிக்கைக்கு லாயக்கில்லாத ஆள் என்று எனக்குத்தானே தெரியும்.

வெளியே வந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஏண்ணே லேட்டு?"

"வயிறு சரியில்ல தம்பி."

"அய்யய்யோ, அப்ப இத சாப்புடாதீங்க. காச மட்டும் குடுத்துட்டுப் போங்க, போதும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இல்ல இல்ல, இப்ப சரியாயிடுச்சு" என்றேன் அவசரமாக. "சீஸு கொஞ்சம் கூட வைங்க."

சாப்பிட்டுக்கொண்டே, வாய் நிறைய இருந்ததால் தைரியம் வந்து கேட்டேன். "தம்பி, நீங்க டீ போடப் போறீங்களா?"

"எனக்கு அங்க குடிச்ச கறுப்புக் காப்பிதாண்ணே தெரியும். இங்க ஒருத்தரும் தொட மாட்டேங்குறாங்க, கஷாயம்ங்குறாங்க."

"போடாதீங்க. டீ கேட்டா எங்கடைய காட்டுங்க. நானும் காலைல தவறாம வந்துடுறேன்."

"இத நீங்க சொல்லணுமாண்ணே!" என்று காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டியிலிருந்த சாண்ட்விச்சுகளை எடுத்து மாட்டுக்குப் போட்டேன். மாடு சாஸை மட்டும் ஒதுக்கிவிட்டது. மறுநாளிலிருந்து மாணவர்கள் கால்வாய் ரோட்டிலிருந்து பார்சலோடு வந்து என் பெஞ்சில் பிரித்து வைத்துக்கொண்டு டீ கேட்டார்கள். பெஞ்சு நிறைந்திருந்தது. கடை பிழைத்துக்கொண்டது. நான் மேஜை துடைத்தேன். மேஜையில் சிந்தியிருந்த பச்சிலை எண்ணெயின் மணத்துக்கு நடுவே, வயிறு எரிய எரிய, டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.